மர ஏடும் இரண்டு தீவுகளும்

சாங்வியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தேக்கு போலப் பளபளக்கும் கதவுகள் பலவற்றின் விளிம்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தேக்கு மேற்பரப்பில் மட்டுமே இருக்கும். உள்ளே இருப்பது விலை குறைந்த வேறு மரம். வெளியே ஒட்டப்பட்ட அம்மெல்லிய மர ஏட்டைத் தச்சர்கள் ‘வெனீர்’ என்பர்.

வெந்நீரிலோ நீராவியிலோ இளக்கிய அடிமரத்தைப் பொறியில் சுழலவிட்டு, நீண்ட கத்தியால் உரித்து வெனீர் எடுப்பர். பாய்ச்சுருள் விரிவது போல மரம் விரிந்து வரும். அழகிய வரிகள் வேண்டுமெனில், மரத்தைக் கட்டையாக அறுத்து ஏடு ஏடாகச் சீவுவர். அழகுக்காக ஒட்டும் ஏட்டின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. இத்தகைய ஏடுகளை, நாரோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டினால் ஒட்டுப்பலகை கிடைக்கும்.

1988ஆம் ஆண்டு முதல் உலக நாடுகள் வணிகச் சரக்குகளுக்குப் பொதுவான எண்முறை ஒன்றைக் கையாண்டு வருகின்றன. அதில் வெனீரின் எண் 4408. தடிமன் 6 மில்லிமீட்டருக்கு மிகாத ஏடுகளே இதில் அடங்கும். ஒட்டுப்பலகைக்கு 4412 என வேறு எண் உண்டு.

இலங்கையும் சிங்கப்பூரும் தீவு நாடுகள். இரண்டிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. இவற்றின் வெனீர் இறக்குமதி மதிப்புகளை அருகருகே எழுதி, பெரிய எண்ணை உடைய நாடே மிகுதியாக வெனீரைப் பயன்படுத்துகிறது என்று முடிவு கட்டலாமா? கூடாது.

இலங்கையின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம்; சிங்கப்பூரினுடையது ஏறத்தாழ 60 இலட்சம். ஆகவே தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரோ துறைமுக வணிகத்தால் வளர்ந்த நாடு. அங்கு இறக்குமதியாகும் பொருள்களில் ஒரு பகுதி மீண்டும் பிற நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அதைக் கழித்த பின்னரே உள்நாட்டுப் பயன்பாடு தெரியவரும். மேலும், இறக்குமதி மதிப்பில் பொருளின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீட்டுத் தொகையும் சேர்ந்துள்ளன. கப்பல் கூலி உயர்ந்தால், ஓர் ஏடுகூட அதிகமாக வாராமலே மதிப்பு உயர்ந்துவிடும்.

நாணயத்தாலும் கணக்கு மாறும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய் தர வேண்டியிருந்தது. சில மாதங்களில் அது 360 ரூபாயை எட்டியது. 10,000 டாலர் மதிப்புள்ள வெனீரின் விலை 20 இலட்சம் ரூபாயிலிருந்து 36 இலட்சம் ரூபாயாயிற்று. வந்த சரக்கு என்னவோ அதே சரக்குதான்! இதனாலேயே ஒப்பிடுவோர் இரு நாட்டு மதிப்புகளையும் டாலரில் எழுதுகின்றனர்.

இத்தனைத் திருத்தங்களுக்குப் பின்னும் கணக்கில் சிக்காத ஒன்று உண்டு. தன் காட்டிலேயே ஒரு நாடு வெட்டிய மரம் இறக்குமதி மதிப்பில் இடம்பெறாது. இலங்கைத் தேயிலை நெடுங்காலம் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் கப்பலேறியது. அப்பலகையை உள்நாட்டிலேயே செய்ய வேண்டுமென முதலில் காலிக்கு அருகிலுள்ள கிந்தோட்டையிலும், பின்னர் கொஸ்கமவிலும் தொழிற்சாலைகள் அமைந்தன. கொஸ்கமத் தொழிற்சாலைக்காக 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜா மழைக்காட்டினுள் இயந்திரங்கள் நுழைந்தன. அக்காட்டு மரவகைகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. மக்களின் எதிர்ப்பு வலுத்தது. 1977ஆம் ஆண்டில் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. அதுவரை அங்கு வீழ்ந்த மரங்களில் ஒன்றுகூட இலங்கையின் இறக்குமதிக் கணக்கில் இல்லை. எஞ்சிய காட்டை 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.