ஜவ்வு மறுபடியும் அறுகிறதா? எலும்பின் சாய்வைப் பாருங்கள்

எலவனாசூர்கோட்டையில், சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையை நம்பிக் கடை நடத்தும் நமக்கு மூட்டையைப் பற்றியும் சாய்வுப் பலகையைப் பற்றியும் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பலகை அளவாகச் சாய்ந்திருந்தால் மூட்டையைப் பிடித்திருக்கும் கயிறு தாங்கும். சாய்வு கூடிவிட்டால் நல்ல கயிறும் அறும். புதுக் கயிறு கட்டினாலும் அதே கதிதான்.

முழங்காலிலும் நடப்பது இதுதான். தொடை எலும்பு மூட்டை. கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு பலகை. 'ஜவ்வு' என்று நாம் சொல்கிறோமே, அந்த முன் சிலுவைத் தசைநார்தான் கயிறு. மேல்தட்டு யாருக்கும் மட்டமாக இருப்பதில்லை. பின்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கும். அந்தச் சரிவு 12 டிகிரியைத் தாண்டினால் அதிகம் என்பது மருத்துவர்கள் கணக்கு. 1994-இல் பிரான்சின் லியோன் நகர மருத்துவர்கள் டெஜூர், பொன்னின் இருவரும் அளந்து சொன்னார்கள்: சரிவு 10 டிகிரி கூடினால், ஒற்றைக் காலில் நிற்கும்போது கீழ்க்கால் எலும்பு 6 மில்லிமீட்டர் கூடுதலாக முன்னே நகர்கிறது. அந்த இழுப்பு முழுவதும் ஜவ்வின் தலையில்தான் விழும்.

கபடி ஆடும் பிள்ளைக்கு ஜவ்வு அறுந்து, புது ஜவ்வு வைத்து, அதுவும் அறுந்துவிட்டால், பையனையோ வைத்தியரையோ திட்டுவதற்கு முன் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்துச் சரிவை அளக்கச் சொல்லுங்கள். சரிவு அதிகமென்றால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் முன்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடி, பிளேட்டும் திருகும் போட்டு இறுக்குகிறார்கள். பலகை தாழ்ந்துவிடுகிறது. அதன்பிறகு வைக்கும் ஜவ்வுக்கு இழுப்பு குறைவு.

முதன்முறை ஜவ்வு அறுந்த எல்லோருக்கும் இது தேவைப்படாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் தட்டு மூடாதவரை இப்படி வெட்டுவதைத் தவிர்ப்பார்கள். சரிவை அளவுக்கு மீறிக் குறைத்தாலும் தொல்லை. முழங்கால் பின்னோக்கி வளையும், பின் சிலுவைத் தசைநார் சிரமப்படும். தராசில் எடை போடுகிற மாதிரியான வேலை இது. கால் வெளிப்புறமாக வில்போல் வளைந்தவர்களுக்கு வெட்டு வேறு. உட்பக்கத்தில் எலும்பைத் திறந்து நிமிர்த்துவார்கள்.

முதலில் காட்ட, சிறுவங்கூரில் 2022-இல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம். அறுவைக்குச் சென்னை, கோவை, வேலூர் என்று போக வேண்டியிருக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் இந்த அறுவை அதில் சேருமா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். விற்கிற நாமே சொல்ல வேண்டியிருக்கிறது!

வாரக்கணக்கில் ஊன்றுகோல், மூட்டை தூக்க மாதக்கணக்கில் தடை. அவசரமில்லாத அறுவைதான் என்பதால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தேதியைப் பொங்கல் வியாபாரம் முடிந்த தை மாதக் கடைசியில் வைத்துக்கொண்டால் கல்லாவில் உட்கார வீட்டில் ஆள் கிடைக்கும்.