முழங்காலும் பிளாஸ்திரியும்

டெக்னோபார்க் பணியை முன்னிட்டுக் கழக்கூட்டத்தில் குடியேறிய நம்மவர் பலர். அருகே காரியவட்டத்தில் 1985இல் தோன்றிய இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி உள்ளது. 2015 தேசிய விளையாட்டு விழாவுக்கென எழுந்த கிரீன்ஃபீல்டு அரங்கமும் உண்டு. இச்சூழலில் வளரும் பிள்ளைகள் பந்தாட்டத்தில் வேட்கை கொள்வது இயல்பே. ஆனால் முழங்காலில் அடிபட்ட பிள்ளைக்கு நீலமும் சிவப்புமான பிளாஸ்திரிப் பட்டையை ஒட்டி, மறுவாரமே களத்துக்கு அனுப்பும் பெற்றோரைக் காண்கையில் நமக்கு அச்சம் உண்டாகிறது.

வண்ணப் பட்டை ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் ஆக்கியது. தோலைப் போல நீளவல்லது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகின் கண்ணிற்பட்டது. புகழுக்கேற்ற பயன் ஆய்வுகளிற் புலப்படவில்லை. பெயருக்கு ஒட்டிய பட்டையைவிடப் பெரிதும் மேலானதன்று என்றே பல ஆய்வுகள் கூறுகின்றன. நீளாத விறைத்த பட்டை வேறு. ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் ஜென்னி மெக்கானல் 1986இல் வெளியிட்ட முறைப்படி, முழங்காற் சில்லை வெளிப்புறமிருந்து உட்புறமாக இழுத்து அதனை ஒட்டுவர். சில்லைச் சுற்றிய வலி சற்றுத் தணியும். தணிந்த அவ்வேளையில் தொடைத் தசைக்குப் பயிற்சி அளிப்பதே நோக்கம். பயிற்சியை விட்டுப் பட்டையை மட்டும் கொள்வது, சாரத்தை நட்டுவிட்டுச் சுவர் எழுப்ப மறப்பது போலாம்.

மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவை அன்பர்கள் அறிவர். 2021 ஜூனில் ரஷ்யாவில் முழங்கால் காயமுற்ற அவர், டோக்கியோவில் கட்டுடன் பொருதார். வெண்கலப் போட்டியில், கால் கட்டுண்டாற் போலிருந்ததென அதனைக் களைந்து, 8-0 எனக் கசக்கஸ்தான் வீரரை வென்றார். பலரும் இவ்வளவோடு கதையை நிறுத்திவிடுவர். அதன்பின் சிகிச்சைக்காக அவ்வாண்டின் உலகப் போட்டியையே அவர் துறக்க நேர்ந்தது. ஒலிம்பிக் பதக்கத்துக்கு அவ்விலை தகும் என்போர் இருக்கலாம். பள்ளிக் கோப்பைக்குத் தகுமோ?

உள்ளிருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருப்பின் எப்பட்டையும் அதனை இணைக்காது. அறுவைக்குப் பின் 9 மாதம் நிறையுமுன் களம் புகுவோர்க்கு மறுகாயம் மிகுதி என்பது 2016இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வின் முடிவு. முழங்கால் வீங்கினாலோ, நடக்கையில் நழுவுவது போலிருந்தாலோ முதலில் எலும்பு மருத்துவரை நாடுக. பட்டையின் கீழ்த் தோல் அரித்தால் உடனே எடுத்துவிடுக. சிறிது எண்ணெய் தடவி, மயிர் படிந்த திசையில் மெல்ல உரித்தல் நலம்.