பழைய மோட்டார் வண்டியில் விட்டு விட்டுத் தோன்றும் எஞ்சின் இடறல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருள், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பெற்றோல் வண்டிகளைக் கைவிடாது பேணி வருவோர் உளர். இவ்வண்டிகள் சிலவற்றில் ஒரு நோய் காணப்படும். புறப்படும்போது எஞ்சின் சீராக ஓடும். சிறிது தூரம் சென்றதும் ஓர் உருளை வேலைசெய்யாததுபோல் வண்டி குலுங்கி இடறும். பின்னர் தானாகவே சீரடையும். பட்டறைக்குக் கொண்டுசென்று காட்டும்போது குறை ஒன்றும் தெரியாது. தொழிலாளர் இதனை 'மிசிங்' என்பர். விடியற்காலையில் கத்தரியும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையே காட்டோரத்தில் வண்டி நின்றுவிடுமாயின், சந்தை தவறுவதோடு யானைக்கும் அஞ்சவேண்டியதாகும்.

இந்நோய்க்கு மருந்தென எண்ணிப் பலர் பிளக்கு, கொயில், காபுரேற்றர் என ஒன்றன்பின் ஒன்றாகப் புதிது வாங்கிப் பூட்டுகின்றனர். இது வீண் செலவு. ஒரே நாளில் மூன்று உறுப்புகளை மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. தீராவிடின் புதிய உறுப்பே புதிய குறையொன்றைக் கொணர்ந்திருத்தலும் கூடும்.

முதலிற் செய்யவேண்டுவது சாவியை எடுப்பதன்று, குறிப்பு எழுதுதலாம். இடறல் குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பின்னரா? பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போதா, வெறுமையாக ஓடும்போதுமா? மாரி மழையிலா, பள்ளத்தில் விழுந்தெழும்போதா? திடீரென வெட்டினாற்போல வருகிறதா, மெல்ல மெல்லச் சோர்ந்து வருகிறதா? ஒரு வாரம் இவற்றைக் குறித்து வைப்பீர்களாயின் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். திடீரென வெட்டுவது பெரும்பாலும் மின்சாரப் பகுதியின் குறை. மெல்லச் சோர்ந்து, காபுரேற்றர் வழியே எதிர்த்துத் துப்புவது எரிபொருள் போதாமையின் அடையாளம். கரும்புகை கக்குமாயின் எரிபொருள் மிகுதி.

அடுத்து, எவ்வுருளை இடறுகிறது என அறிதல் வேண்டும். இடறல் தோன்றியிருக்கும் வேளையில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, றப்பர்ப் பிடியுள்ள இடுக்கியால் ஒவ்வொரு பிளக்கின் வயரையும் முறையே கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் எஞ்சினின் ஓட்டம் தளருமாயின் அவ்வுருளை நன்றாக வேலைசெய்கிறது. ஒரு மாறுதலும் இல்லையெனின் அதுவே குற்றவாளி. கழற்றிய வயரை நெடுநேரம் அந்தரத்தில் விடலாகாது. அதன் நுனியை எஞ்சினின் இரும்பிற்கு அருகே பிடித்தல் வேண்டும், இன்றேல் கொயிலின் காப்புப் பழுதுறும். ஈரக் கையுடன் இதனைச் செய்யாதீர்கள். பெற்றோல் கசியும் வண்டியில் இச்சோதனையை அறவே செய்யலாகாது. தீப்பொறியும் பெற்றோல் ஆவியும் கூடினால் வண்டி மாத்திரமன்று, அருகிலுள்ள வைக்கோற்போரும் மிஞ்சாது.

எப்போதும் ஒரே உருளையெனின், அதன் பிளக்கை அடுத்த உருளைக்கு மாற்றுங்கள். இடறலும் கூடவே சென்றால் பிளக்கே குறை. செல்லாவிடின் வயரையோ வால்வையோ ஐயுறலாம். இப்பழைய வண்டிகள் பலவற்றில் பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, அஃதாவது ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர்.

எப்போதும் இரண்டு உருளைகள் சேர்ந்து இடறுமாயின் ஒரு நுட்பத்தைக் கவனிக்க. ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவற்றில் தீப்பொறி 1, 3, 4, 2 என்னும் வரிசையிற் செல்கிறது. டிஸ்ரிபியூட்டர் மூடியில் அடுத்தடுத்து இருப்பனவும் இவ்வரிசையிலேயே. மூடியில் மயிரளவு வெடிப்போ கரிக்கோடோ இருந்தால், மூடியில் அயலாக உள்ள இரண்டு உருளைகள் கெடும். 2 உம் 3 உம் மூடியில் அயலாரல்லர். ஆனால் எஞ்சினில் அருகருகே உள்ளன. ஆகவே அவ்விரண்டும் சேர்ந்து இடறினால், மூடியைக் குறைகூறாது, அவற்றின் இடையே தலைக் கஸ்கெற் எரிந்துள்ளதா என நோக்குதல் வேண்டும்.

மழைநாளில் மட்டும் வரும் இடறலுக்கு இருளே நல்ல மருத்துவன். இரவில் விளக்கெல்லாம் அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். வயரின் மேலோ மூடியின் மேலோ நீலப்பொறி ஊர்வது தெரியும்.

உருளை மாறி மாறி இடறுமாயின், எல்லா உருளைக்கும் பொதுவான உறுப்பையே தேடவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். டிஸ்ரிபியூட்டருள் பொயின்றுக்குச் செல்லும் சிறு வயர், அடித்தட்டு அசையுந்தோறும் வளைந்து நிமிர்கிறது. ஆண்டுகள் பல சென்றபின் உள்ளிருக்கும் செப்பிழை அறுந்துவிடும். மேலுறையோ புத்தம் புதிதுபோல் தோன்றும். வேகத்தை மாற்றும்போதும் பள்ளத்தில் விழும்போதும் மட்டும் இடறல் வருவது இதன் குணம். அவ்வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். றப்பர்போல் நீளுமாயின் உள்ளே இழை இல்லை. விலை மிகக் குறைந்த இத்துண்டு வயருக்காகக் கொயிலையும் காபுரேற்றரையும் மாற்றியோர் எத்தனை பேரோ!

பொயின்றின் இடைவெளி, லூக்காஸ் வகை டிஸ்ரிபியூட்டர் பலவற்றில், அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை, ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர், இருத்தல் வேண்டும். அளந்து சரிசெய்த பின்னும் இடறினால், நடுத்தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அது ஆடுமாயின் உள்ளிருக்கும் புஷ் தேய்ந்துள்ளது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறும். எத்தனை முறை சரிசெய்தும் பயனில்லை.

அரைமணி ஓடிச் சூடேறியபின் இடறி, ஆறியபின் சீரடைவதெனின், கொயில் அல்லது கொண்டென்சர் மீது ஐயங்கொள்க. கொண்டென்சர் கெட்டால் பொயின்றில் வெளிப்படையாகப் பொறி பறக்கும். அதன் முகமும் விரைவிற் குழிவிழும். சோதனையை எஞ்சின் சூடாயிருக்கும்போதே செய்க. ஆறிய பின் சோதித்தல், காய்ச்சல் விட்டபின் நாடி பார்ப்பதை ஒக்கும்.

சூட்டில் வரும் இடறலுக்கு வேறொரு காரணமும் உண்டு. இலங்கையில் ஈயங்கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அது மக்களின் உடல்நலத்துக்கு நன்மையே. ஆயினும் பழைய எஞ்சின்களின் புகைவால்வு இருக்கைகளை முன்னர் அவ்வீயமே காத்துவந்தது. அக்காப்பு இன்மையால், பாரத்தோடு விரைந்தோடும்போது இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே புதையும்; வால்வின் இடைவெளி குறையும்; சூட்டில் தண்டு நீண்டதும் வால்வு முற்றாக மூடாது. வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்து, சில மாதத்தின் பின் மீண்டும் அளந்து பாருங்கள். திரும்பத் திரும்பக் குறையுமாயின், தலையைக் கழற்றிக் கடின இருக்கை பொருத்துவதே வழி.

எரிபொருட் பக்கத்தில், புழுதியே வன்னியின் தலையாய பகை. தாங்கி மூடியின் காற்றுத்துளை புழுதியால் அடைபட்டால், வண்டி சில மைல் ஓடிச் சோர்ந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் காற்று 'உஸ்' என உட்புகும். பின்னர் வண்டி முன்போல் ஓடும். மற்றொன்று நீர். 2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பெற்றோலைக் கலன்களிற் சேமிக்கும் பழக்கம் பரவியது. நன்கு மூடாத கலனில் மாரிகாலத்தில் நீர் சேர்வது எளிது. காபுரேற்றர்க் கிண்ணத்திலுள்ளதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், நீர் அடியில் மணியாகத் திரண்டு நிற்கக் காணலாம்.

1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோலும் டீசலும் கிடையாமையால், வடபகுதியில் இவ்வண்டிகள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை நீங்கள் அறிவீர்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்களாதலின் அது இயன்றது. ஆனால் ஆறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. பிளக்கிற் கரி படியச் செய்யும். உருளைச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். இன்று பெற்றோலோடு மண்ணெண்ணெய் கலப்போர் இடறலைத் தாமே விலைகொடுத்து வாங்குகின்றனர். தோட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இஃது பொருந்தும். பெற்றோலில் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓடவிடுக. மிளகாய் பூக்கும் வேளையில் இயந்திரம் கிளம்பாது நின்றால் நட்டம் எவ்வளவு என்பதை நாம் கூறவேண்டியதில்லை.

டீசல் உழவியந்திரத்தில் பிளக்கும் கொயிலும் இல்லை. அங்கே இடறலுக்குப் பெரும்பாலும் குழாயிற் புகுந்த காற்றோ அடைபட்ட வடியோதான் காரணம்.

பழுதைக் கண்டு ஓர் உறுப்பை மாற்றியபின், இடறல் முன்பு தோன்றிய அதே பாரத்தோடும் அதே வீதியிலும் இருமுறையேனும் ஓட்டிப் பாருங்கள். சோதனைக்காகக் கழற்றிய கொண்டென்சரோ கொயிலோ குறையற்றதெனக் கண்டால் அதனை எறியற்க. துணியிற் சுற்றி வண்டியின் கருவிப் பெட்டியில் வைத்திருப்பின், வழியில் அதுவே கைகொடுக்கும்.