நல்லதுக்கு மட்டும்

ஜேசன் என்ற தரவு வடிவத்தை உலகுக்கு அறிமுகம் செய்தவர் டக்ளஸ் கிராக்ஃபோர்ட். தன் மென்பொருள்களுக்கு அவர் கொடுத்தது எல்லோரும் அறிந்த எம்ஐடி உரிமம்தான். அதில் ஒரு வரியை மட்டும் கூடுதலாகச் செருகினார்: இதை நல்லதுக்குத்தான் பயன்படுத்த வேண்டும், கெட்டதுக்குக் கூடாது.

இந்த வரியைப் பார்த்து ஐபிஎம் நிறுவனமே தடுமாறியதை அவர் ஒரு மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். நாங்கள் கெட்டது செய்ய மாட்டோம்; ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, தனி அனுமதி வேண்டினார்களாம். ஐபிஎம்மும் அதன் வாடிக்கையாளர்களும் கூட்டாளிகளும் எடுபிடிகளும் தாராளமாகக் கெட்டது செய்யலாம் என்று இவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். வக்கீல் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்!

ஆனால், டெபியன் என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் சிரிக்கவில்லை. இது கட்டற்ற மென்பொருளே இல்லை என்று ஒதுக்கினார்கள். 2016இல் அப்பாச்சி அறக்கட்டளையும் தன் திட்டங்களில் இந்த உரிமத்துக்குத் தடை போட்டது. இந்த மென்பொருளை வைத்துச் சாராயக் கடையில் பில் போட்டால் அது நல்லதா, கெட்டதா? யார் தீர்ப்புச் சொல்வது?

ஓப்பன் சோர்ஸ் எனப்படும் திறமூலத்துக்கான வரையறையில் பத்து விதிகள் உண்டு. ஐந்தாவது, எந்த ஆளையும் குழுவையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. ஆறாவது, எந்தத் தொழிலையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. இவற்றை எழுதிய புரூஸ் பெரென்ஸ் ஒரு பழைய உரிமத்தை உதாரணம் காட்டினார். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மின்சுற்று வடிவமைப்பு நிரல் ஒன்றைத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் தொடக் கூடாது என்றது அந்த உரிமம். நிறவெறிக் காலத்தில் நியாயமான கோபம்தான். நிறவெறி ஆட்சி 1994இல் போய்விட்டது; உரிமத்தில் இருந்த வரி போகவில்லை.

கோபத்தை உரிமத்தில் ஏற்றும் ஆசை அதற்குப் பிறகும் விடவில்லை. அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையோடு தொழில் செய்யும் மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை என்று லெர்னா என்ற நிரலின் உரிமம் 2018 ஆகஸ்டில் மாற்றப்பட்டது. சில நாள்கூடத் தாங்கவில்லை, பழைய உரிமமே திரும்பி வந்தது.

மறு வருடம் சேத் வார்கோ என்ற நிரலாளர் உரிமத்தின் பக்கமே போகவில்லை. செஃப் என்ற மென்பொருள் நிறுவனம் அதே துறைக்கு வேலை செய்வது தெரிந்ததும், தான் எழுதிய நிரலை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார். உரிமம் இடம் கொடுத்ததால் செஃப் அதன் பிரதியை மறுபடி ஏற்றிக்கொண்டது. ஆனால் கிளம்பிய கூச்சலில், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சில நாட்களிலேயே அறிவித்தது. சண்டை போட உரிமம் அல்ல, இந்தப் பொதுவெளிதான் சரியான இடம் என்பது என் கட்சி.

இப்போது தடை வேறு வேஷத்தில் வருகிறது. மெட்டாவின் லாமா என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் திறமூலம் என்றுதான் விளம்பரம். 2023இல் வந்த லாமா 2 உரிமத்தைப் படித்தால், மாதம் 70 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனங்கள் தனி அனுமதி கேட்க வேண்டும் என்றிருக்கிறது. திறமூலம் என்று யாராவது எதையாவது நீட்டினால், பெயரை விட்டுவிட்டு உரிமத்தைத் திறந்து பாருங்கள். யார் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தால், அது திறமூலம் இல்லை.