ரிட்டர்ன் போட எவ்வளவு ஆகும்?

மாதம் பத்தாம் தேதி நெருங்கினால் போதும், கோட்டாறு கம்போளத்து மொத்த வியாபாரி முதல் மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிறவர் வரை பில் கட்டுகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். விற்பனை பில் ஒரு கட்டு, கொள்முதல் பில் ஒரு கட்டு. ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்து ஆடிட்டர் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பிவிட்டால் அந்த மாதப் பாரம் இறங்கிவிடும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1 அன்று வந்தது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் பல கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி போய்ச் சேரவில்லை: ரிட்டர்ன் தாக்கல் செய்ய அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. பதிவு இலவசம், தாக்கல் இலவசம், சலான் எடுப்பதும் இலவசம்.

அப்படியானால் மாதாமாதம் நாம் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது? கணக்கு எழுதுவதற்கும், பிழை பார்ப்பதற்கும், நாள் தவறாமல் ஞாபகம் வைத்துக்கொள்வதற்கும்தான். மென்பொருள் வாங்கலாமா, எவ்வளவு கொடுத்து வாங்கலாம் என்று யோசிக்கிற எவரும் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் மாநில வரியைப் பார்த்துவிடுவோம். ஒரு பொருளுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால் அதில் ஒன்பது மத்திய அரசுக்கு, ஒன்பது தமிழ்நாட்டு அரசுக்கு. இரண்டு அரசுகள், ஆனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன்தான். ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்கிற படிவத்தில் மத்திய வரிக்கு ஒரு கட்டம், மாநில வரிக்கு ஒரு கட்டம், வெளிமாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி.க்கு ஒரு கட்டம் என்று அடுத்தடுத்து இருக்கும். மாநிலத்துக்கென்று தனியாக எதையும் போட வேண்டியதில்லை. வாட் காலத்தில் வணிகவரித்துறைக்கு ஒரு ரிட்டர்ன், வெளிமாநில விற்பனைக்கான மத்திய விற்பனை வரிக்கு இன்னொன்று, அதற்கு மேல் சி ஃபாரம் கேட்டு வாங்கும் அலைச்சல் என்று இருந்ததை மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே வருமான வரியை மத்திய அரசும் வாங்குகிறது, பெரும்பாலான மாநிலங்களும் வாங்குகின்றன. இரண்டுக்கும் தனித்தனி ரிட்டர்ன். வரி மென்பொருள் நிறுவனங்கள் மத்திய ரிட்டர்ன் இலவசம் என்று விளம்பரம் செய்து அழைக்கும். எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகு மாநில ரிட்டர்னுக்குக் கட்டணம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு. டர்போடாக்ஸ் மென்பொருளை விற்கும் இன்ட்யூட் நிறுவனம், ‘இலவசம்’ என்று செய்த விளம்பரங்கள் தொடர்பாக 2022-ல் ஐம்பது மாநிலங்களோடும் சமரசம் செய்து 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமெரிக்க வரித்துறை தானே ஓர் இலவச வசதியை 2024-ல் 12 மாநிலங்களில் தொடங்கிப் பார்த்தது. அதுவும் 2026-ல் நின்றுபோனது. நம் ஜி.எஸ்.டி. தளத்தைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும், அரசே நடத்தும் தளத்தில் காசில்லாமல் ரிட்டர்ன் போடலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் நம் குமரி மாவட்டத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1939-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அன்று போட்ட எல்லைக்கோடு ஒரே சந்தையாக இருந்த ஊர்களின் நடுவே போகிறது. களியக்காவிளையில் கடை, கேரளத்துப் பாறசாலையில் வாடிக்கையாளர் என்பது இங்கே அன்றாட நடப்பு. வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. எல்லை மட்டும் பில்லுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு பில்லை எடுத்துப் பார்ப்போம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேனிலிருந்து அளந்து ஊற்றி விற்றால் தேனுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதையே கண்ணாடிப் புட்டியில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். புட்டித் தேன் விற்கும் ஒருவர் நாகர்கோவில் கடைக்கு 20,000 ரூபாய்க்குச் சரக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி 1,000 ரூபாய்: மத்திய வரி 500, மாநில வரி 500. அதே சரக்கு பாறசாலைக் கடைக்குப் போனால் அதே 1,000 ரூபாய் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே தலைப்பில் போக வேண்டும். அதில் மாநிலப் பங்கு கேரளத்துக்குப் போய்ச் சேரும். மொத்தத் தொகையில் ஒரு பைசா மாறவில்லை, கட்டம் மட்டும் மாறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வாங்குகிறவரின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்த்தால் போதும். பதினைந்து இலக்கத்தில் முதல் இரண்டும் மாநிலத்துக்கு உரியவை. தமிழ்நாடு 33, கேரளம் 32. அடுத்த பத்தும் பான் எண். கடைசி எழுத்து, முன்னால் உள்ள பதினான்கும் சரியாக இருக்கின்றனவா என்று கணினி சரிபார்த்துக்கொள்ள. சரக்கும் அந்த முகவரிக்கே போகிறது என்றால், 32 என்று தொடங்கும் எண்ணுக்கு மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் பில் போட்டால் அது தவறு. திருத்த வேண்டுமானால் ஐ.ஜி.எஸ்.டி.யைப் புதிதாகக் கட்டிவிட்டு, தவறிக் கட்டியதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். வட்டி கிடையாது, பணமும் திரும்ப வரும். ஆனால் அதுவரை முதல் முடங்கும், ஆடிட்டருக்குத் தனி வேலை. கையால் பில் எழுதும் கடையில் அவசரத்தில் நடக்கிற தப்பு இது. பில்லிங் மென்பொருளில் வாங்குகிறவரின் எண்ணை ஒருமுறை ஏற்றிவிட்டால் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து அதுவே கட்டத்தைத் தேர்ந்துகொள்ளும். எல்லையோரக் கடைக்கு மென்பொருள் தேவை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. அதே தேன்காரர் கண்ணாடிப் புட்டி வாங்குகிறார். புட்டிக்கு வரி 18 சதவீதம். 30,000 ரூபாய்க்கு வாங்கினால் 5,400 ரூபாய் வரி கட்டியிருப்பார். அந்த 5,400-ஐத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வியாபாரிகள் ‘இன்புட்’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் புட்டி விற்றவர் தம் விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1-ல் அந்தப் பில்லைச் சரியான எண்ணோடு ஏற்றியிருந்தால்தான் அது இவருடைய 2பி பட்டியலில் வரும். அந்தப் பட்டியல் மாதந்தோறும் 14-ஆம் தேதி தளத்தில் கிடைக்கும். அதில் இல்லாத இன்புட்டை எடுக்க முடியாது. கொள்முதல் பில் கட்டையும் 2பி பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்தப் பில் விடுபட்டது என்று கண்டுபிடித்து, விற்றவருக்குப் போன் போட்டு ஏற்றச் சொல்வது அலுப்பான வேலை. பில் நூறைத் தாண்டினால் கண்ணால் பார்த்துச் செய்வது நடக்காது. மென்பொருள் அதைச் சில நொடிகளில் பிரித்துக் கொடுத்துவிடும். ஆனால் போனை நாம்தான் போட வேண்டும்.

விலை என்ன? கடைகளில் அதிகம் காணப்படுவது டாலி. ஷ்யாம் சுந்தர் கோயங்கா தம் தொழிலுக்குப் பொருத்தமான கணக்கு மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொல்ல, 1986-ல் தொடங்கியது அது. ஒரு கணினிக்கு நிரந்தர உரிமம், அண்மைக் கால விலைப்பட்டியலின்படி, 22,500 ரூபாய். அதற்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 4,050 சேர்த்து 26,550 ரூபாய். சாதாரண முறையில் வரி கட்டுகிறவர் அந்த 4,050-ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்ளலாம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு இன்புட் கிடையாது. முழுத் தொகையும் கைக்காசு. ஜோஹோ புக்ஸ் போன்றவை ஆண்டுச் சந்தாவில் கிடைக்கின்றன.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் கிடைப்பவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இலவசக் கணக்கு, பில்லிங் மென்பொருள் கொடுக்க 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு செய்தது, ஜி.எஸ்.டி. தளத்தை நடத்தும் ஜி.எஸ்.டி.என். அதற்கென நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்துத் தன் தளத்தின் வழியே வழங்கியது. அது வேண்டாமென்றால், ஆஃப்லைன் டூல் ஒன்றை அதே தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். எக்ஸெல் தாளில் பில் விவரங்களை நிரப்பிக் கோப்பாக்கி ஏற்றினால் ஜி.எஸ்.டி.ஆர்-1 தயார். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் கடைசியில் உருவாக்கித் தருவது அதே வகைக் கோப்பைத்தான்.

யாருக்கு எது தேவை என்பதை விற்றுமுதலை வைத்து முடிவு செய்வது தவறு. தக்கலையில் தினம் முந்நூறு பில் போடும் ஒரு சில்லறைக் கடை, ஜி.எஸ்.டி. எண் இல்லாத உள்ளூர் வாடிக்கையாளருக்கு மட்டும் விற்கிறது என்றால், அத்தனை பில்லையும் தனித்தனியாக ஏற்ற வேண்டாம். வரி விகிதத்துக்கு ஒரு வரியாகக் கூட்டி எழுதினால் போதும், கூடவே பொருள்களை வகைப்படுத்தும் ஹெச்.எஸ்.என். குறியீட்டு வாரியான தொகை. மாதம் ஐம்பதே பில் போடும் மொத்த வியாபாரிக்கு அந்த ஐம்பதையும் எண்ணோடு, தேதியோடு, தொகையோடு தனித்தனியாக ஏற்ற வேண்டும். வேலை யாருக்கு அதிகம்? ஜி.எஸ்.டி. எண் உள்ள வாடிக்கையாளர்களின் பில் மாதத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்துக்குள் என்றால் தளத்தில் நேரடியாகவே ஏற்றிவிடலாம்.

எத்தனை முறை தாக்கல் செய்கிறோம் என்பதும் செலவை மாற்றும். மாதாந்திர முறையில் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. ஆண்டுக்கு 24 தாக்கல். விற்றுமுதல் 5 கோடிக்குள் இருப்பவர்கள் 2021 ஜனவரியிலிருந்து காலாண்டு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். ரிட்டர்ன் எட்டுதான், ஆனால் இடைப்பட்ட மாதங்களின் வரியைச் சலானில் கட்டிவிட வேண்டும். காம்போசிஷனில் காலாண்டுக்கு ஒரு படிவம், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன், மொத்தம் ஐந்து. வணிகருக்கு வரி 1 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பாறசாலைக்குச் சரக்கு அனுப்புகிற கடைக்கு அந்தக் கதவு மூடியே இருக்கும். சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவே வேண்டாம் என்ற சலுகையும் அப்படித்தான். வரியுள்ள பொருளை எல்லை தாண்டி விற்றால், ஒருசில விலக்குகள் தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். தோவாளையில் பூ மட்டும் விற்கிறவர், ஈத்தாமொழியில் தேங்காய் மட்டும் விற்கிறவர் ஆகியோருக்கு இந்தக் கவலையே இல்லை. வரி இல்லாத பொருளை மட்டும் விற்கிறவருக்குப் பதிவு வேண்டாம்.

நாள் தவறினால் ஆகும் செலவு தனி. 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய்: மத்திய அரசுக்கு 25, மாநிலத்துக்கு 25. விற்றுமுதல் 1.5 கோடிக்குள் என்றால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி வேறு. இரண்டையும் இன்புட்டில் கழிக்க முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. விட்டால் நாளுக்கு 20 ரூபாய், உச்சம் 500. கடையை மூடிவிட்டுப் பதிவை ரத்து செய்யாமல் இருப்பவர்கள் சிக்குவது இங்கேதான். பூஜ்ய ரிட்டர்னைக் கணினியே இல்லாமல், பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் போட்டுவிடலாம். 2020 ஜூனிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இதற்கு ஒருவருக்குப் பணம் கொடுப்பது வீண்.

இத்தனை வசதி இருந்தும் கடைக்காரர் தாமே தளத்தைத் திறக்கத் தயங்குவதற்கு முதன்மையான காரணம், திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம் என்பதுதான். வரியில் பாதி தமிழ்நாட்டுக்கு வருகிறது. வரி கட்டுகிறவர் படிக்கிற மொழியில் அந்தப் படிவம் இருக்க வேண்டும் என்று வணிகர் சங்கங்கள் கவுன்சிலிடம் விடாமல் கேட்க வேண்டும்.

கடைக்காரர் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் கைபேசி எண் உங்களுடையதா என்று பாருங்கள். பல கடைகளில் அது ஆடிட்டர் ஆபீஸ் எண்ணாக இருக்கும், ஓ.டி.பி. அங்கே போகும், நோட்டீஸ் வந்த செய்தியும் அங்கே போகும். எண்ணை மாற்றக் கட்டணம் இல்லை. தளத்தில் திருத்த விண்ணப்பம் போட்டால் ஆயிற்று. சந்தேகம் வந்தால் 1800-103-4786 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது. ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருளும் வாங்குங்கள், சாவி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.