முள்ளை எடுத்த இடத்தில் யார் குடியிருப்பது?

கரிசலில் ஜேசிபி இறங்க மண் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் கால் வைத்தாலே செருப்போடு அரைக் கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். ஏழெட்டு டன் இயந்திரம் இறங்கினால் அதைத் தூக்க இன்னொரு இயந்திரம் வர வேண்டியதுதான். அதனால் சீமைக்கருவேல முள்ளை அழிக்கும் வேலை கோடையில்தான் சூடுபிடிக்கும். மஞ்சள் மூக்கு ஆட்காட்டி தரையில் முட்டையிடுவதும் அந்தக் கோடையில்தான்.

இதற்குக் கூடு என்று ஒன்று கிடையாது. உள்ளங்கை அளவு பள்ளம் பறித்து, ஓரத்தில் சிறு கற்களை ஒதுக்கி வைத்து, நடுவில் நான்கு முட்டை இடும். கூர்முனைகள் நான்கும் உள்பக்கம் பார்த்திருக்கும். மண் நிறத்தில் கருந்திட்டுகள் போட்ட முட்டைகள். இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டே தேடலாம். வெயில் ஏறிய பிறகு தாயும் தகப்பனும் அடைகாப்பது சூடேற்ற அல்ல, சூட்டைத் தடுக்க. எங்கோ கிடக்கும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டை மேல் உட்காருவதும் உண்டு. ஆள் நெருங்கினால் கத்திக்கொண்டே விலகி ஓடி, கவனத்தை வேறு பக்கம் இழுக்கும். ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காலடியைப் பார்த்து நடப்பார்கள். இயந்திரத்தின் கேபினுக்குள் அந்தச் சத்தம் எட்டாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, கமுதி வரை நீளும் இந்த மானாவாரிப் பூமியில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவம் கொட்டிவிட்டுப் போய்விடும். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் தெரியும் நாட்கள் அதிகம். பருத்தி, கம்பு, குதிரைவாலி, இடையிடையே விதைக்காமல் விட்ட கரம்பு, கண்மாய்க் கரை, உடைமரம், இலந்தை, விடத்தேரை, ஆவாரை. வண்டிப்பாதையில் காலை ஆறு மணிக்கு நடந்தால் கௌதாரியின் கூவல் முதலில் வரும். பிறகு சாம்பல் தலை வானம்பாடி உயரே ஏறி, சீழ்க்கையோடு சறுக்கி இறங்கும். புதரடியில் கண்கிலேடி அசையாமல் உட்கார்ந்து மஞ்சள் கண்ணால் முறைக்கும். மின்கம்பியில் பனங்காடை. மரம் அடர்ந்த காட்டில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. இவற்றுக்கு வேண்டியது வெட்டவெளி.

வெட்டவெளிப் பறவைக்குத் தண்ணீர் எப்படி என்பதற்குக் கல்கௌதாரி ஒரு பதில் வைத்திருக்கிறது. தானியமும் விதையுமே அதன் தீனி என்பதால் தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும். காலையில் கூட்டமாகப் பறந்து ஊருணிக்கு வரும். பெரும்பாலும் நரியோ பருந்தோ ஒளிய முடியாத, செடியில்லாத கரையாகப் பார்த்துத்தான் இறங்கும். குஞ்சு பொரித்த காலத்தில் ஆண் பறவை வயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி ஊறவைத்து, பறந்து போய்க் குஞ்சுகளை அந்த இறகிலிருந்து உறிஞ்சவிடும். 1896-இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967-இல் கேட், மக்லீன் என்ற இருவர் ஆப்பிரிக்கக் கலஹாரியில் பார்த்து உறுதிசெய்தார்கள். 2023-இல் லோர்னா கிப்சன், ஜோகன் முல்லர் என்ற இரு பொறியியல் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க இனம் ஒன்றின் இறகை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். உலர்ந்திருக்கையில் சுருண்டு கிடக்கும் நுண்ணிழைகள் நனைந்ததும் பிரிந்து நிமிர்ந்து, தண்ணீரைக் கூடாரம் போட்டதுபோலப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நடைக்கு 25 மில்லிலிட்டர் வரை சுமக்க முடியுமாம்.

இனி, சீமைக்கருவேலம். அதைக் காமராஜர் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் காலத்துக்கு வெகு முன்பே, 1870-களின் கடைசியில், விறகுக்காக மதராஸ் மாகாண வனத்துறை அதன் விதையைத் தருவித்துக் கடப்பைப் பக்கம் ஊன்றியது. அமெரிக்கக் கண்டத்து மரம். நெற்று இனிப்பு, ஆடும் மாடும் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுவிடும். நிழலடியில் புல் தலையெடுக்காது. கரம்பும் ஊருணிக் கரையும் இப்படித்தான் மூடின. வானம்பாடியிடமும் கல்கௌதாரியிடமும் முதலில் இடத்தைப் பறித்தது இந்த மரம்தான். ஆகவே முள்ளை எடுப்பதே பறவைக்குத் துரோகம் என்று கொடிபிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எடுக்கிற விதம் இருக்கிறதே! 2017-இல் சீமைக்கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது தென்மாவட்டங்கள் முழுக்க இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கையில் 'மீட்பது' என்ற பாதி இருக்கிறது. களத்தில் பெரும்பாலும் நடப்பது 'அகற்றுவது' என்ற பாதி. தூரோடு எடுக்காமல் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு கிளைத்து, முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். கரிமூட்டம் போடுபவர்களுக்கு அது லாபம். விறகை வட்டமாக அடுக்கி, மண் பூசி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரியெடுக்கும் அவர்களுக்கு மரம் திரும்பத் திரும்பத் துளிர்க்க வேண்டும். தூரோடு எடுக்க வந்த இயந்திரமோ மேல்மண்ணையும் சேர்த்து வழித்துவிடுகிறது. இலந்தையும் ஆவாரையும் உடையும் அதே குவியலில்தான் போய்ச் சேரும்.

கண்மாய்க்குள் இன்னொரு சிக்கல். நாட்டுக்கருவேலம் வேறு, சீமை வேறு. முன்னதன் காய் மணி கோத்த மாலைபோல இடுக்கு இடுக்காக இருக்கும். பூ மஞ்சள் உருண்டை. சீமையின் காய் நீண்டு, ஏறக்குறைய நேராகத் தொங்கும். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு வைப்பது கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில். 2022-இல் இரண்டும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறின. சரணாலயம் என்ற பலகை இல்லாத கண்மாய்களில் கொக்கும் வக்காவும் அடையும் மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குத்தகைக்காரர் வெட்டச் சொன்னால் வெட்டுவார்கள்.

நம் மாநிலத்துப் பறவைச் சரணாலயங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: வேடந்தாங்கல், கூந்தன்குளம், வேட்டங்குடி... ஏறக்குறைய எல்லாமே ஏரி, குளம், கண்மாய். தண்ணீர்ப் பறவைக்குச் சரணாலயம். தரைப் பறவைக்கு 'தரிசு'. வருவாய்க் கணக்கில் இந்த நிலம் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு என்று கிடக்கிறது. மத்திய அரசின் தரிசு நில வரைபடத்திலும் புதர்நிலம் தரிசுக்குள்தான் வருகிறது. எதுவும் இல்லாத இடம் என்று ஏட்டில் எழுதியாகிவிட்டால், அங்கே எதைக் கொண்டுவந்து வைத்தாலும் முன்னேற்றம்தான்.

அப்படி வந்தவற்றில் பெரியது கமுதி அருகே 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். ஏறத்தாழ 2,500 ஏக்கர். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நிலக்கரியைவிட அது மேல்தான். ஆனால் சீமைக்கருவேலம் மூடிய நிலத்தை ஒரு நாள் புல்வெளியாக மீட்கலாம். கம்பி வேலிக்குள் தகடு பதித்த நிலம் இருபத்தைந்து வருடத்துக்குத் திரும்பாது. வீட்டுமனைக் கல் நட்ட நிலம் திரும்பவே திரும்பாது. எந்த நிலத்தை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று கோடு எங்கே போடுவது என்ற கேள்விக்கு மரத்தை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பறவையைத்தான் எண்ண வேண்டும்.

பூனைப்பருந்துகளை எடுத்துக்கொள்வோம். கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் தென்தமிழகத்துக்கு வந்து, பங்குனி வரை தங்கும். பகலில் தாழப் பறந்து வெட்டுக்கிளி, ஓணான், சிறு பறவைகளைப் பிடிக்கும். இரவில் மரத்தில் அடையாது; உயர்ந்த புல்லுக்குள் தரையில் கூட்டமாகப் படுக்கும். அந்தப் புல்வெளி ஒன்று போனால் போவது ஒரு ஜோடி அல்ல, சுற்றுவட்டாரத்துக் கூட்டமே. திருநெல்வேலிப் பக்கம் ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தினர் இப்படுக்கைகளைக் கவனித்துவருகிறார்கள். நாடு முழுக்கவும் கதை இதுதான்: முப்பதாயிரம் பறவை ஆர்வலர்களின் பதிவுகளை அலசிய 2023-ஆம் ஆண்டு 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையில், நீண்டகாலப் போக்கு தெரிந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. வெட்டவெளிப் பறவைகளுக்கு அடி பலம். ஊர்தோறும் கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடையே குறைந்துவிட்டது; அதன் நிலையை மறுபடி மதிப்பிட வேண்டும் என்கிறது அறிக்கை.

இந்தக் கணக்கில் நம் பக்கத்துப் பங்கு எங்கே? பறவை பார்க்க வருபவர்கள் பொதுவாகத் தண்ணீரைத் தேடித்தான் போகிறார்கள். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் என்றால் குல்லூர்சந்தை அணைக்கு. கூழைக்கடா கிடைக்கும், படமும் நன்றாக வரும். திருச்சுழிச் சாலையிலிருந்து பிரியும் வண்டிப்பாதையில் மண் நிறப் பறவையைத் தேடி யார் நடப்பார்கள்? ஆனால் பயன்படும் கணக்கு அங்கேதான் பிறக்கும். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரே தூரம். மாதம் ஒரு முறை. பார்த்த பறவைகளைப் பதியும் 'இ-பேர்ட்' செயலி முடிவில் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் குறித்தீர்களா? 'ஆம்' என்றால்தான், நீங்கள் எழுதாத பறவை அன்று அங்கே உங்களுக்குத் தட்டுப்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்வார். அதனால் காக்கையையும் மைனாவையும் விடக் கூடாது. இயந்திரம் வருவதற்கு முந்தைய கோடையில் ஆட்காட்டி இருந்தது, அடுத்த கோடையில் இல்லை என்று மனுவில் எழுத வேண்டுமானால், முந்தைய கோடையின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். தொடங்கத் தோதான நேரம் தை. பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். அப்போது பூனைப்பருந்தும் இங்கேதான் இருக்கும், மண்ணும் கொஞ்சம் காய்ந்திருக்கும், ஜேசிபி இன்னும் இறங்கியிருக்காது.