வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குது? டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பவர் குறைந்தால் எங்கே தேடுவது

டூ-ஸ்ட்ரோக் சைக்கிளோட பி-வி டயகிராம் வரைஞ்சு நாம எல்லாரும் மார்க் வாங்கியிருப்போம். ஆனா அந்த என்ஜின் கண்ணு முன்னாடி இழுக்காம நின்னா எங்க கை வைக்கிறது? போன செமஸ்டர் லீவு வரைக்கும் எனக்கும் தெரியாது.

சித்தப்பா திருமங்கலம் பக்கம் மல்லி போட்டிருக்கார். அதிகாலையில் பறிச்ச பூவை மூட்டை கட்டி, பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார். கொஞ்ச நாளா வண்டி மேம்பாலம் ஏறவே திணறுது. லேட்டாப் போனா பூ விலை இறங்கிடும். ஒரு மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே, "போர் போயிருச்சுண்ணே, பிஸ்டன் செட் மாத்தணும், நாலாயிரம் ஆகும்"னு சொல்லிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்து, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, என்னன்னு பாருடா"ன்னார்.

நம்ம பக்கம் இந்த மாதிரி வண்டிகள் நிறைய. 1911-ல் மதுரையில் பஸ் சர்வீஸோடு டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமத்திலிருந்துதான், 1980-ல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தது. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக். ஆனாலும் பழைய டூ-ஸ்ட்ரோக்குகள் இன்னும் மூட்டை சுமந்துக்கிட்டுதான் இருக்கு.

தேடும்போது ஒரே விதிதான்: சுலபமானதையும் செலவில்லாததையும் முதலில் பாருங்க. என்ஜினைப் பிரிப்பது கடைசி.

1. குறை என்ஜினில்தானா?

வண்டியை ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிரேக் பிடிச்சிருக்கு. என்ஜின் கத்துது, ஆனா வண்டி நகரலைன்னா கிளட்ச் வழுக்குது. ரெண்டும் இல்லைன்னா மேலே போகலாம்.

2. பெட்ரோலும் காற்றும்

ஏர் ஃபில்டர் தூசியில் அடைச்சிருக்கா? பெட்ரோல் டியூபைக் கழற்றினால் சீரா வருதா? கொஞ்ச தூரம் நல்லா ஓடி அப்புறம் அடங்கினா, டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உடனே சரியானால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைச்சிருக்கு.

3. பிளக் சொல்லும் கதை

வண்டியை ஓட்டிட்டு வந்து, சூடு ஆறினதும் பிளக்கைக் கழற்றுங்க. காப்பிப் பொடி நிறம்னா எரிப்பு சரி. காய்ந்த கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பா இருந்தா ஆயில் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். வெள்ளையா வெளுத்திருந்தா ஜாக்கிரதை: கலவையில் பெட்ரோல் குறைவு. டூ-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க்கேஸுக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு வருது. அங்கே ஆயில் சீல் தேய்ஞ்சா வெளிக்காற்று உள்ளே புகும். த்ராட்டிலை விட்டாலும் என்ஜின் வேகம் இறங்காது. அப்படியே ஓட்டினா பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும்.

4. கம்ப்ரஷன்

பிளக் துளையில் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுசாத் திறந்து, நாலஞ்சு தடவை உதைங்க. சின்ன டூ-ஸ்ட்ரோக்கில் பொதுவா 100 பிஎஸ்ஐ-க்கு மேல் இருந்தால் பயமில்லை. ரொம்பக் குறைஞ்சா, துளை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறலைன்னா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

சித்தப்பா வண்டியில் சக்கரம் ஃப்ரீ, ஃபில்டர் சுத்தம். பிளக் மட்டும் பிசுபிசுன்னு கறுப்பு. காலேஜ் வொர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கிய கேஜ் 110 காட்டியது. அப்போ போர் போகலை!

5. சைலன்சர்

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எரிந்த புகையைப் பிஸ்டனே தனி ஸ்ட்ரோக்கில் வெளியே தள்ளிடும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த ஸ்ட்ரோக் கிடையாது. புதுக் கலவைதான் உள்ளே வரும்போது பழைய புகையைத் தள்ளணும். வெளியேறும் வழி அடைச்சிருந்தா புகை உள்ளேயே தங்கும், புதுக் கலவைக்கு இடம் இருக்காது. அதனால் இங்கே சைலன்சர் வெறும் சத்தம் குறைக்கிற குழாய் இல்லை, என்ஜினின் ஒரு பகுதி.

சைலன்சரைக் கழற்றிப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் போர்ட்டில் பாதி வழியைக் கரி அடைச்சிருந்தது. பிஸ்டனை மேலே கொண்டு வந்தால் அதன் பக்கச்சுவர் போர்ட்டை மூடிக்கும், கரி உள்ளே விழாது. அப்படி வைத்து மரக்குச்சியால் சுரண்டினோம். இரும்பால் சுரண்டினா பிஸ்டனில் கீறல் விழும். சைலன்சரின் உள்குழாயை உருவி, நெருப்பில் சுட்டுத் தட்டினோம். கொட்டிய கரி ஒரு கைப்பிடி!

கரி எப்படி வந்தது? "ஆயில் கூட ஊத்துனா என்ஜினுக்கு நல்லதுன்னு நான்தான் ரெண்டு மடங்கு ஊத்துவேன்"னார் சித்தப்பா. லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1, போதும் என்பதுதான் அந்த வண்டிக்கான அளவு. அதுக்கு மேல் ஊத்தினால் மீதி எரியாமல் கரியாகும். அது மட்டுமில்ல, ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாப் போகும் பெட்ரோலும் குறையும்.

ஒரு புது பிளக், ஒரு எக்ஸாஸ்ட் கேஸ்கெட், அரை நாள் வேலை. மறுநாள் மூட்டையோடு மேம்பாலம் ஏறிட்டு சித்தப்பா போன் பண்ணினார்: "பழைய மாதிரி இழுக்குதுடா!" இப்போ அவர் வண்டிப் பெட்டியில் ஒரு அளவு மூடி இருக்கு.

நம்ம ஊர் ஆர்எக்ஸ் 100 ஆகட்டும், வெளிநாட்டில் பேர் வாங்கிய 347 சிசி யமஹா பான்ஷீ ஏடிவி ஆகட்டும், தேடும் வரிசை இதேதான். அடுத்த தடவை யாராவது "போர் போயிருச்சு"ன்னு சொன்னா, "கம்ப்ரஷன் எவ்வளவுண்ணே காட்டுச்சு?"ன்னு கேளுங்க.